ஸ்டெபிலைசர் இருக்கும்போது ட்ரைபாட் எதற்கு?

கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் 8 ஸ்டாப் அளவுக்கு உள்ள கேமராவை வாங்கியவர் "இனி ட்ரைபாட் வேண்டுமா?" என்று கேட்டால், கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸில் ஷட்டர் 1/50 நொடியைவிட அதிக நேரம் திறந்திருந்தால் கை நடுக்கம் படத்தில் தெரியும் என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் விதி. ஸ்டெபிலைசேஷனின் ஒவ்வொரு ஸ்டாப்பும் அந்த நேரத்தை இரட்டிப்பாக்கும். 5 ஸ்டாப் என்றால் 32 மடங்கு, அதாவது அரை நொடிக்கும் மேல். 8 ஸ்டாப் என்றால் 256 மடங்கு, ஏறத்தாழ 5 நொடி. 5 நொடி கையிலேயே பிடித்து எடுக்க முடியுமானால், ட்ரைபாட்டின் மூன்று கால்களையும் முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுவானேன்?

அந்த 8 எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிப்பா வகுத்த முறைப்படி, கேமராவை ஓர் அதிர்வு மேடையில் ஏற்றி, குறிப்பிட்ட ஒரு லென்ஸை மாட்டிச் சோதிப்பார்கள். 2020இல் வந்த கேனான் ஆர் 5 கேமராவின் 8 ஸ்டாப், 24-105 மி.மீ. எஃப் 4 லென்ஸை 105இல் வைத்து அளந்தது. லென்ஸை மாற்றினால் எண்ணும் மாறும். அதன் அடுத்த பதிப்பில் படத்தின் நடுவுக்கு 8.5, ஓரத்துக்கு 7.5 என்று கேனானே இரண்டு எண்களைத் தருகிறது. சோதனை மேடைக்கு மூச்சு வாங்காது, குளிரில் விரல் விறைக்காது, எதிர்காற்று தள்ளாது. பெட்டியில் இருக்கும் எண்ணில் இரண்டு மூன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நான் நம்புவேன். அப்படிக் கழித்தாலும் மிஞ்சுவது சின்ன விஷயமல்ல. அரை நொடியில் கையிலேயே பளிச்சென்று ஒரு படம் கிடைப்பது, 30 ஆண்டுகளுக்கு முன்பு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

லென்ஸை மாற்றும் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு முதல் ஸ்டெபிலைசர் லென்ஸை, 75-300 மி.மீ. ஜூமை, கேனான் 1995இல்தான் கொண்டுவந்தது. அதில் லென்ஸுக்குள் இருந்த கண்ணாடித் தொகுதி ஒன்று நகர்ந்தது. 2003இல் கொனிகா மினோல்டா, பிம்பம் பதியும் சென்சாரையே நகரவைத்தது. 2012இல் ஒலிம்பஸின் ஓஎம்-டி இ-எம் 5 ஐந்து அச்சுகளில் நகரும் சென்சாரோடு வந்தது. மேல்-கீழ்ச் சாய்வு, இட-வலத் திருப்பம், வட்டச் சுழற்சி, பக்கவாட்டு நகர்வு, செங்குத்து நகர்வு ஆகியவைதான் அந்த ஐந்து. ஆறாவது ஒன்று இருக்கிறது. கேமரா முன்னும் பின்னும் போய்வருவது. அதை எந்த ஸ்டெபிலைசரும் சரிசெய்வதில்லை. மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் மேக்ரோ பற்றிப் பேசும்போது இந்த ஆறாவதுதான் நம் காலை வாரிவிடும்.

ஸ்டெபிலைசர், ட்ரைபாட் இரண்டையும் ஒரே வேலைக்கான போட்டியாளர்களாக வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் முடிவே இல்லாமல் ஓடுகிறது என்பது என் எண்ணம். ஸ்டெபிலைசர் நடுக்கத்தை ரத்து செய்கிறது. ட்ரைபாட் இடத்தைப் பிடித்துவைக்கிறது. ஒரே ஒரு ஃப்ரேம், அதுவும் ஒரு நொடிக்குள் என்றால், இரண்டும் மோதலாம். அந்த மோதலில் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் ஜெயித்துவிட்டது. நேரம் நீண்டாலோ, ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்துப் பல ஃப்ரேம்கள் வேண்டுமென்றாலோ, போட்டியே கிடையாது.

ஒற்றை ஃப்ரேமில்

மங்கிய வெளிச்சம், அசையாத காட்சி: ஒரு பழைய கட்டடத்தின் உள்மண்டபம், அருங்காட்சியகம், மாலை மயங்கும் நேரத்துத் தெரு. இங்கெல்லாம் ஸ்டெபிலைசரின் ஆட்சிதான். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200க்குப் போக வேண்டிய இடத்தில் 200இலேயே எடுக்கலாம். நிழல்களில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் இருக்காது, நிறம் கெடாது. பல அருங்காட்சியகங்களில் ட்ரைபாட்டை உள்ளே விடுவதே இல்லை. விட்டாலும் கூட்டத்தின் நடுவே மூன்று காலை விரித்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். இங்கே ட்ரைபாட் கட்சி வாதாடவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு அகலக் கோண லென்ஸ். கேமரா சற்றே சாயும்போது படத்தின் நடுவில் பிம்பம் நகரும் தூரமும் மூலையில் நகரும் தூரமும் ஒன்றல்ல. சென்சாரோ ஒரே துண்டு. நடுவுக்கு ஏற்ப அது நகர்ந்தால் மூலை இழுபடும். 14 மி.மீ. லென்ஸில் ஒரு நொடி கையில் பிடித்து எடுத்த படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் செங்கல்லின் விளிம்பு கத்திபோல் நிற்கும். மூலைக்குப் போனால் அதே சுவரின் செங்கற்கள் நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கும். லென்ஸின் தரம் சரியில்லை என்று பலர் பழிபோடுவது இதைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, ஆட்கள். ஸ்டெபிலைசர் உங்கள் கையை நிறுத்துமே தவிர, எதிரே இருப்பவரை நிறுத்தாது. ட்ரைபாட்டும் அப்படித்தான். 1838இல் ஒளிப்பட முன்னோடி டகேர் பாரிஸின் புல்வார் டு டாம்பிள் தெருவை எடுத்த படத்தில், நடமாட்டம் மிகுந்த அந்தச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். சில நிமிடங்கள் நீண்ட பதிவில் நடந்தவர்களும் வண்டிகளும் கரைந்துபோனார்கள். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். கேமரா கல்லாக நின்றது, தெருதான் நிற்கவில்லை. குழந்தை ஓடுகிறது, மேடையில் ஒருவர் ஆடுகிறார் என்றால் 1/250க்கு மேல் ஷட்டர் வேகம் வேண்டும். அதற்கு வழி வெளிச்சம், அகன்ற அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு), கூடுதல் ஐஎஸ்ஓ. 8 ஸ்டாப்பை நம்பி 1/10இல் கல்யாண வரவேற்பை எடுத்தால் மேடை அலங்காரம் கூர்மையாகவும் மணமக்கள் பனிமூட்டமாகவும் வருவார்கள்.

நேரம் நீளும்போது

அருவியின் நீரைப் பட்டாக்க கால் நொடி முதல் ஒரு நொடி போதும். நல்ல ஸ்டெபிலைசரும் நிதானமான கையும் இருந்தால், சாய்ந்துகொள்ள ஒரு பாறையும் கிடைத்தால், இதைக் கையிலேயே எடுக்கலாம். முன்பு ட்ரைபாட் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாத படம் இது. கடலை மூடுபனியாக்க நினைப்பவர் கதை வேறு. ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் 1/30 நொடி சுமார் 34 நொடியாகிறது. பால்வீதிக்கு 15 முதல் 25 நொடி. இந்தக் கணக்கில் ஸ்டெபிலைசருக்கு இடமே இல்லை. அது சுழற்சியை உணரும் கைரோ சென்சாரை நம்பி இயங்குவது. நேரம் நீள நீள கைரோவின் சிறுபிழைகள் சேர்ந்து பிம்பம் மெல்ல நழுவத் தொடங்கும். 2016இல் ஒலிம்பஸ் 6.5 ஸ்டாப்பை எட்டியபோது, பூமி சுழல்வதே கைரோவைக் குழப்புகிறது, இதுதான் எல்லை என்றுகூடப் பேசப்பட்டது. அந்த எல்லை பிறகு தாண்டப்பட்டுவிட்டது. ஆனாலும் அரை நிமிடம் என்பது வேறு உலகம்.

செல்போன்கள் இதைத் தெளிவாகவே காட்டிக்கொடுக்கின்றன. 2018இல் கூகுள் பிக்சலில் வந்த நைட் சைட், பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இருட்டிலும் கையிலேயே படம் எடுக்க வைத்தது. மறு ஆண்டே நட்சத்திரங்களுக்கென்று வந்த வசதி, 16 நொடி வரையிலான ஃப்ரேம்களை 4 நிமிடம் வரை சேர்க்கும். ஆனால் போனை எங்காவது அசையாமல் வைத்தால்தான். ஐபோனின் நைட் மோடும் போன் துளியும் அசையவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே 30 நொடியைத் திறந்துவிடுகிறது. கணினி வித்தையில் இத்தனை தூரம் போனவர்களே, வானத்தைப் பார்க்கும்போது "எங்காவது வை" என்கிறார்கள்.

மேக்ரோவும் நீண்ட லென்ஸும்

மேக்ரோவில் ஸ்டெபிலைசரின் பலம் வேகமாகக் கரையும். 2009இல் கேனான் கொண்டுவந்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், சாய்வோடு நகர்வையும் திருத்தும் கலப்பு முறை கொண்டது. தூரத்துக் காட்சிக்கு 4 ஸ்டாப் தருவதாகச் சொன்ன நிறுவனமே, பொருளின் அசல் அளவுக்குச் சமமாகப் பெரிதாக்கும்போது 2 ஸ்டாப்தான் என்றது. அந்த அளவில் ஃபோகஸ் ஆழம் மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும். நீங்கள் மூச்சு விடும்போது உடம்பு முன்னே ஒரு நூல் வந்து போகும். எறும்பின் கண்ணில் இருந்த ஃபோகஸ் அதன் முதுகுக்குப் போய்விடும். நான் சொன்ன ஆறாவது அசைவு இதுதான். ஃபோகஸை அடுக்கடுக்காக நகர்த்தி 30, 40 ஃப்ரேம் சேர்ப்பவர்கள் ட்ரைபாட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வெளியில் துள்ளித் திரியும் பூச்சியைத் துரத்துபவருக்கோ ட்ரைபாட் இடைஞ்சல். அவருக்கு நல்ல துணை ஃபிளாஷ். அதன் ஒளி வந்து போகும் நேரம் அத்தனை குறைவு.

பறவை எடுப்பவர்களுக்குப் பிரச்சினை நடுக்கமே அல்ல. பறக்கும் பறவைக்கு 1/1000க்கு மேல் போயாக வேண்டும். அந்த வேகத்தில் நடுக்கம் பெரிதாகப் பதியாது. ஸ்டெபிலைசர் அங்கே செய்யும் உதவி, வியூஃபைண்டரில் பறவை குதிக்காமல் பார்த்துக்கொள்வது. 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 3 கிலோ எடை. மறைவிடத்தில் காலையெல்லாம் காத்திருக்கும்போது அந்த 3 கிலோவைத் தாங்குவதற்குத்தான் ட்ரைபாட்டும், கனமான லென்ஸை எளிதாகத் திருப்பவைக்கும் கிம்பல் ஹெட்டும். தோள் ஓய்ந்து லென்ஸைக் கீழே இறக்கிய நொடியில்தான் பறவை கிளம்பும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும்.

அதே இடத்தில், இன்னொரு ஃப்ரேம்

ட்ரைபாட்டின் பக்கம் நான் முழு மனதோடு நிற்பது இங்கேதான். வெளிச்சத்துக்கேற்ப மூன்று படங்களை எடுத்துச் சேர்ப்பது, டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓடவிடுவது), ஒரு பொருளுக்கு ஒவ்வொரு பக்கமாக விளக்கு வைத்து எடுத்து இணைப்பது, கூட்டம் விலக விலகப் பல படம் எடுத்து வெறும் கட்டடத்தை மீட்பது: இவற்றுக்கெல்லாம் ஃப்ரேம் ஒரு மயிரிழை நகரக் கூடாது. மென்பொருள் பொருத்தித் தரும் என்பது உண்மை. அருகில் ஒரு கிளை, தொலைவில் ஒரு மலை இருந்தால், கை நகரும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் நகரும். அதை மென்பொருள் மழுப்பத்தான் முடியும். 2019இல் வந்த ஒலிம்பஸ் இ-எம் 1 எக்ஸ், சென்சாரை நகர்த்திப் பல ஃப்ரேம் சேர்க்கும் முறையில் கையில் பிடித்தால் 50 மெகாபிக்சல், ட்ரைபாட்டில் வைத்தால் 80 மெகாபிக்சல் தந்தது. ஒரே கேமரா, ஒரே லென்ஸ். நடுவே உள்ள வித்தியாசம் மூன்று கால்கள்.

அதோடு, ஃப்ரேம் நின்றுவிட்டால் கண் வேலை செய்யத் தொடங்கும். கையில் பிடித்திருக்கும்போது ஓரத்தில் நுழையும் குச்சி தெரியாது, அடிவானம் அரை டிகிரி சாய்ந்தது தெரியாது. ட்ரைபாட்டில் வைத்த பிறகு ஒவ்வொரு மூலையாகப் பார்க்கலாம். மேகம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு இது கூர்மையைவிடப் பெரிய லாபம் என்பேன்.

மட்டமான ட்ரைபாட்

இந்த ஒப்பீட்டில் கடைசி இடம் ஸ்டெபிலைசருக்கும் இல்லை, ட்ரைபாட்டுக்கும் இல்லை. விரல் பருமன் கால்களும் பிளாஸ்டிக் ஹெட்டும் கொண்ட மலிவு ட்ரைபாட்டுக்குத்தான். வீட்டிலேயே சோதிக்கலாம். கேமராவை அதில் மாட்டி, நடுத்தண்டை முழுக்க உயர்த்தி, திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியை (லைவ் வியூ) 10 மடங்கு பெரிதாக்கி, தண்டை ஒரு விரலால் தட்டுங்கள். திரையில் பிம்பம் துடித்துத் துடித்து அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இப்போது தண்டை இறக்கிவிட்டு அதே தட்டு. வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். அந்தத் துடிப்போடு எடுக்கும் படத்தைவிட, நல்ல ஸ்டெபிலைசரோடு கையில் எடுக்கும் படம் கூர்மையாக இருக்கும். ட்ரைபாட்டே தேவையில்லை என்று முடிவுகட்டியவர்கள் பலர் உண்மையில் இதைத்தான் பயன்படுத்திப் பார்த்திருப்பார்கள்.

நல்ல ட்ரைபாட்டிலும் முறை முக்கியம். பருமனான மேல்கணுக்களை முதலில் நீட்டுங்கள், மெல்லிய கீழ்க்கணுவைக் கடைசியில். 2 நொடி டைமர் வையுங்கள். அலை வந்து போகும் ஈரமணலில் கால்கள் தானாகவே இறங்கும். படம் எடுக்கும் முன் நன்றாக அழுத்திப் புதைத்துவிடுங்கள். பழைய ஸ்டெபிலைசர் லென்ஸ் என்றால் ட்ரைபாட்டில் மாட்டியதும் அதை அணைத்துவிட வேண்டும். இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே பிம்பத்தை ஆட்டும். புதியவை பெரும்பாலும் தாமாகவே கண்டுகொள்ளும். சந்தேகம் இருந்தால் இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்துவிடலாம்.

வீடியோவைப் பொறுத்தவரை, அசையாத ஷாட்டுக்கும் ஒரே சீரான திருப்பத்துக்கும் ட்ரைபாட்டும், கேமராவை வழுக்கலாகத் திருப்பவைக்கும் ஃப்ளூயிட் ஹெட்டும்தான். நீங்கள் வேண்டுமென்றே கேமராவைத் திருப்பும்போது, அது நடுக்கமா திருப்பமா என்று ஸ்டெபிலைசர் தடுமாறும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு வெடுக்கென்று பாயும். ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட்டின் இடம்தான் நடுவில் சுருங்கிவிட்டது. கனமான லென்ஸைத் தாங்க மட்டும் அது இன்னும் உதவும்.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால்? பயணம், குடும்பம், தெரு, விழா எடுப்பவர் ஸ்டெபிலைசர் உள்ள கேமராவுக்கே செலவழிக்கலாம். ட்ரைபாட் வாங்கினாலும் வீட்டு மூலையில்தான் நிற்கும். இரவு வானம், நிலக்காட்சி, பொருள்கள், கட்டடங்கள் எடுப்பவர், ஸ்டெபிலைசர் இல்லாத பழைய கேமராவையே வைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் உறுதியான ஒரு ட்ரைபாட் வாங்கட்டும். அடுத்தடுத்து கேமரா மாற்றினாலும் அது மாறாமல் கூடவே வரும்.