போனை அணைக்க முடியாத நாட்களில் கவனம்: எந்த முறை தாங்கியது, எது தாங்கவில்லை

2024 நவம்பர் முதல் வாரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அண்ணன் கூடவே தங்கிவிட்டான். நானும் அம்மாவும் கடலூரில், புதுப்பாளையத்து வீட்டில். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் பதினான்கு கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஏற்ற வேண்டும், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டி ரிட்டர்ன் போட வேண்டும். வீட்டில் என்ன நடந்தாலும் ஜிஎஸ்டி தேதி தள்ளிப் போகாது.

10-ஆம் தேதி ராத்திரி ஒரு தப்பு செய்தேன். ஒரே பெயரில் கடலூரிலும் புதுச்சேரியிலும் கடை வைத்திருப்பவருக்கு நான் கணக்கு எழுதும் ஒரு மளிகை மொத்தக் கடையிலிருந்து சரக்கு போகிறது. கடலூர்க் கடையின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்கான 33-இல் தொடங்கும், புதுச்சேரிக் கடையுடையது புதுச்சேரிக்கான 34-இல். பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். பேசிவிட்டு வந்து உட்கார்ந்தவள், 34-இல் போக வேண்டிய மூன்று பில்லை 33-இல் போட்டுவிட்டேன். மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி விழ வேண்டிய இடத்தில், உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் விழுந்தன. அடுத்த மாதம் திருத்தம் போட்டுச் சரிசெய்தாயிற்று. கடைக்காரர் திட்டவில்லை. "பரவால்லம்மா, மொதல்ல அப்பாவப் பாரு" என்றார். அதைக் கேட்டபிறகுதான், இதை இப்படியே விடக்கூடாது என்று தோன்றியது.

அதன்பின் ஆறு வாரம், கேள்விப்பட்ட முறைகளை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன். கவனம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'சிதறாமல் இருப்பது எப்படி' என்றுதான் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கும் வீட்டுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. போன் வரும், எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு எவ்வளவு சீக்கிரம் விட்ட வரிக்குத் திரும்பி வருகிறேன் என்பதை வைத்தே ஒவ்வொரு முறையையும் எடை போட்டேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், அலுவலகங்களில் கூடவே இருந்து கவனித்துச் சொன்ன கணக்குப்படி, குறுக்கீட்டுக்குப் பின் பழைய வேலைக்குத் திரும்ப சராசரியாக 20 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாளைக்கு எனக்கு எட்டு, பத்து போன் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் இந்த இடத்தில் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். கைமீறிய கவலை வரும்போது மூளையில் சுரக்கும் ரசாயனங்கள், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். கணக்கைத் தலையில் ஏந்திக்கொள்வதும் வேண்டாததை ஒதுக்குவதும் அந்தப் பகுதியின் வேலை. உங்களுக்கு அக்கறை இல்லாததால் கவனம் போகவில்லை.

போனை அணைப்பதா, தூரத்தில் வைப்பதா

போனை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும் என்பதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது 2017-இல் வந்த டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு. சத்தமில்லாமல் மேசையில் கிடந்தாலே போன் யோசிக்கும் திறனில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்கிறது என்றார்கள். பின்னால் அதே மாதிரி சோதித்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. எனக்கு அணைத்து வைத்தது சுத்தமாக உதவவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் ஆன் செய்து பார்த்தேன்.

இதற்கு ஒரு பெரிய சோதனை தானாகவே வந்தது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் போனது, சிக்னலும் போனது. அடுத்த சில நாளில், எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஓடும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. மெழுகுவர்த்தி வைத்து வவுச்சர் அடுக்க உட்கார்ந்தேன். ஒரு கடையின் வவுச்சரைக்கூட ஒழுங்காக அடுக்க முடியவில்லை. அக்கரையில் அப்பா எப்படி இருக்கிறார் என்று தெரியாத அமைதி, பத்து போன் வருவதைவிடக் கொடுமை.

அதனால் என் ஓட்டு நடுவழிக்குத்தான். 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போட்டு, அண்ணன் எண்ணையும் மருத்துவமனை எண்ணையும் மட்டும் அதிலிருந்து விலக்கினேன். போனை முழுச் சத்தத்தில் சமையலறை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். சத்தம் வராவிட்டால் சேதி இல்லை என்று மனசுக்கு ஒரு உத்தரவாதம் கிடைத்தது. அண்ணனிடமும் சொன்னேன்: "சும்மா கூப்பிடுறதுன்னா ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுண்ணா. நடுவுல வந்தா அவசரம்னு நெனச்சுக்கறேன்." "சரி பாப்பா" என்றான். இந்த ஒரு பேச்சு, போனில் செய்த எந்த அமைப்பையும்விட அதிகம் உதவியது. போன்கள் பாதியாகக் குறைந்தன.

இருபத்தைந்து நிமிஷமா, ஒரு ஈடா, விடிகாலையா

பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கியது 25 நிமிஷ வேலை, 5 நிமிஷ ஓய்வு முறை. சாதாரண மாதங்களில் எனக்கு இது நன்றாகவே ஒத்துவரும். அந்த நவம்பரில் 25 நிமிஷம் எட்டாத தூரமாக இருந்தது. பாதியில் முறிந்தால் தோற்றுப்போன மாதிரி ஒரு வலி வேறு.

அம்மா அடுப்பில் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஈடு வேக பத்துப் பன்னிரண்டு நிமிஷம். "இந்த ஈடு எறங்கறதுக்குள்ள எத்தன பில்லு போடுவ?" என்று கேட்டாள். ஒன்பது போட்டேன். அன்றிலிருந்து அதுதான் என் அளவு. பில் ஏற்றுவது போன்ற வேலைக்கு ஈடு போதும். ஏற்றியதைச் சரிபார்ப்பதற்குப் போதாது. அதற்கு விடிகாலை நாலிலிருந்து ஆறு வரை ஒரே அமர்வுதான் சரி. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு முன் தூங்கினால்தான் அதைச் செய்யலாம். தூக்கத்தை வெட்டிச் சேர்த்த இரண்டு மணி நேரத்தில் நான் செய்த தப்பைத் திருத்த மூன்று மணி நேரம் பிடித்திருக்கிறது.

மூச்சு, நடை, நோட்டு

மூச்சுப் பயிற்சி போன் வைத்த கையோடு செய்ய ஏற்றது. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. இரண்டு நிமிஷத்தில் படபடப்பு இறங்கும். அடுத்த போன்வரைதான் அதன் ஆயுள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தும் பார்த்தேன். அம்மாவுக்கு நல்லது செய்தது. எனக்கு நடக்க நடக்கக் கவலை இன்னும் சத்தமாகப் பேசியது.

நோட்டுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, பேரேடு மாதிரியே இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று பிரித்தேன். இடப்பக்கம் மனசைக் குடைவது. வலப்பக்கம் அதற்கு யார், எப்போது, என்ன செய்வது. ஒரு நாள் பக்கம் இது:

அப்பாவுக்கு நாளை ஸ்கேன் — அண்ணன் ஒன்பதரைக்கு மேல் சொல்வான்.
காப்பீட்டு அட்டை எங்கே? — அம்மா பீரோ, சாயந்திரம் தேடணும்.
பிசியோ செலவு — 20-ஆம் தேதிக்கு அப்புறம் கணக்குப் போடலாம்.
அப்பா பழையபடி பேசுவாரா? —

கடைசி வரிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. எழுத முடியாததை எழுதாமல் விட்டாலும், அது தாளில் நின்றதே தவிர பில் நடுவில் வந்து நிற்கவில்லை. பரீட்சைக்கு முன் பத்து நிமிஷம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்கள் கூடுதலாக மதிப்பெண் எடுத்ததை ரமிரெஸ், பெய்லாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். அதே வருஷம் மசிகாம்போ, பாமைஸ்டர் ஆய்வு, முடிக்காத வேலைக்குத் திட்டம் மட்டும் போட்டாலே அது மனசைப் பிறாண்டுவது குறைகிறது என்றது. வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கம் மட்டும் எழுதியபோது எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு பக்கமும் வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு இன்னொரு வேலை வைத்தேன். போன் அடித்ததும், எடுக்கப் போவதற்கு முன், நிற்கிற இடத்தை ஒரே வரியில் குறிப்பது: "பில் 47, புதுச்சேரிக் கடை, 34." ஐந்து விநாடி. சோஃபி லெராய் என்பவர், விட்ட வேலையின் ஒட்டு மனசில் தங்கிவிடுவதைப் பற்றி ஆராய்ந்து, இப்படி ஒரு குறிப்பு அதைக் குறைக்கிறது என்று 2018-இல் எழுதினார். இந்த வரி இருக்கும் நாளில் இரண்டு நிமிஷத்தில் திரும்பிவிடுவேன். டிசம்பர் 11 ரிட்டர்னில் 33, 34 குழப்பம் ஒன்றும் இல்லை.

எழுதும் இடத்துக்கும் போட்டி இருந்தது. வீட்டில் விசாரிக்க வருகிறவர்கள். நூலகம் அமைதிதான், ஆனால் போன் வந்தால் ஓட வேண்டும். எதிர்பாராமல் ஜெயித்தது புதுச்சேரி பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ரெட்டிச்சாவடி வருவதற்குள் இடப்பக்கம் நிறைந்துவிடும், முள்ளோடை தாண்டி கிருமாம்பாக்கத்துக்குள் வலப்பக்கம். அரியாங்குப்பத்தில் நோட்டை மூடிவிடுவேன். அப்பா முன்னால் நிற்கும்போது முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

காபி பற்றி ஒரே வார்த்தை: அதிலுள்ள காஃபீனில் சுமார் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயந்திரக் காபியை விட்டேன்.

இதெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை என்றால், வேறு முறை தேடி நாளைக் கடத்தாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (மத்திய அரசின் மனநல உதவி எண்) தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நான் ஒருமுறை பேசினேன்.

அண்ணன் மகன் இப்போது எங்கள் வீட்டில் தங்கி குரூப் 4-க்குப் படிக்கிறான். என் நோட்டைப் பார்த்து அவனும் ஒன்று வாங்கிக்கொண்டான். ஆனால் ஈடுக் கணக்கு அவனுக்கு ஆகாது என்று நானே சொல்லிவிட்டேன். மூன்று மணி நேரம், 200 கேள்வி, நடுவில் எழ முடியாது. அவனுக்கு எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் வராது. காலையில் போனை அணைத்து அவன் ஆயாவின், அதாவது என் அம்மாவின், கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போகிறான். மூன்று மணி நேரம் கழித்து அவன் இறங்கி வரும்வரை அம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.