பாலம் கடக்க நான் கட்டிய காசு: ஹிப்னோதெரபியும் அதற்கு அப்புறமும்

ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சி போன வாரம் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஹிப்னோதெரபி, அதாவது மனவசியச் சிகிச்சை, ஆறு செஷன், 1,800 வெள்ளி (ரிங்கிட்) பேக்கேஜ் இப்போது 990 வெள்ளி. "அக்கா, நீங்க போன இடம்தானே, கட்டலாமா?" என்றாள். அவளுக்கு லிஃப்ட் என்றால் பயம். மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் எங்கள் ஆபீஸ் ஐந்தாவது மாடி, நாலு வருஷமாகப் படியேறித்தான் வருகிறாள். கேண்டீனில் நின்றுகொண்டு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருந்தது, தீவுக்குக் கடல் மேல் போகும் பினாங்குப் பாலத்தில் காடி (கார்) ஓட்டும் பயம். வீடு கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த், வேலை தீவில். உயரம் என்னை ஒன்றும் செய்ததில்லை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் 513 படியும் ஏறிவிடுவேன். 2016-இல் ஒரு நாள் அடைமழை, பாலத்தின் நடுவே மேடேறும் இடம், பக்கத்தில் ஒரு பெரிய லோரி. நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, இதோ மயங்கப் போகிறேன், காடி கடலுக்குள் போகப் போகிறது என்று தோன்றியது. ஒன்றும் ஆகவில்லை, வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் அதற்கு அப்புறம் கடலை நினைத்தாலே வயிறு கலங்கும். அந்தப் பாலம் தண்ணீருக்கு மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர், ஏறிவிட்டால் திரும்ப வழி கிடையாது.

ஃபெர்ரி இருந்தவரை சமாளித்தேன். காடியோடு ஏறி, கண்ணை மூடி உட்கார்ந்து, அக்கரையில் இறங்கிவிடுவேன். 2021 பிறந்தபோது காடி ஏற்றும் ஃபெர்ரி நின்றுபோனது. 2023-இல் புது ஃபெர்ரிகள் வந்தன, அவையும் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும்தான். எத்தனையோ பேருக்கு அது பழைய நினைவுகளைப் பற்றிய வருத்தம். எனக்கு, படகு பிடித்து, பஸ் மாறி, வேலைக்குப் போகவர தினமும் நாலு மணி நேரம்.

அப்படித்தான் 2022-இல் ஹிப்னோதெரபிக்குப் போனேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். பயப்படுகிற மாதிரி அதில் ஒன்றுமில்லை. மயக்கம் கிடையாது, நினைவு தப்பாது, வெளியே காடி ஹாரன் அடிப்பதுகூடக் கேட்கும். ஹிப்னோதெரபி செய்யும் அம்மா கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, இருபது படி இறங்குவதாக எண்ணச் சொல்வார். உடம்பு அப்படியே கனத்துப்போகும். அந்த அம்மா முதல் நாள் ஒரு மணி நேரம் நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். ஆறு வருஷத்தில் என் பயத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை, வீட்டில் எல்லாருக்கும் அது கிண்டல்தான். மூன்றாவது வாரத்திலேயே தூக்கம் சரியானது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் நெஞ்சில் வந்து உட்காரும் பாரமும் விட்டது. இதையெல்லாம் நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த ஒலிப்பதிவு! தினமும் படுக்கும்போது கேட்கச் சொல்லி 22 நிமிடப் பதிவு ஒன்று கொடுத்தார்கள். அது எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? "நீங்கள் அமைதியான ஒரு கடற்கரையில் நிற்கிறீர்கள், அலைகள் உங்களை நோக்கி வருகின்றன." கடலில் விழுந்துவிடுவேன் என்று பயந்து வந்த ஆளுக்கு! ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாரே, எழுதிக்கூட வைத்தாரே, அதெல்லாம் எங்கே போனது? எல்லாருக்கும் ஒரே பதிவு, லிஃப்டுக்கும் அதுதான், கரப்பான்பூச்சிக்கும் அதுதான். மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை கேட்டேன், பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். அதுவும் முழுக்க இங்கிலீஷில். நான் பயத்தில் "ஐயோ அம்மா" என்றுதான் கத்துவேன், என்னைச் சமாதானப்படுத்துகிற குரல் மட்டும் ஏன் இங்கிலீஷில் இருக்க வேண்டும்? மூன்று வருஷம் ஆகியும் இந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு வாரமும் முடிந்தது. நம்பிக்கையோடு காடியை எடுத்தேன். பாலத்துக்கு முன்னால் இருக்கும் பிறை டோலுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி, வீட்டுக்காரருக்குப் போன் அடித்து அழுதேன். அங்கே போய்ச் சொன்னால், ஆழ்மனம் இன்னும் ஒத்துழைக்கவில்லை, இன்னொரு பேக்கேஜ் எடுங்கள் என்றார்கள். ஆறு வாரத்தில் ஒரு முறையாவது என்னைப் பாலத்தின் பக்கம் போகச் சொன்னார்களா? இல்லை.

அடுத்த வருஷம் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம், அதாவது மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளரிடம் போனேன். அவர் செய்தது எக்ஸ்போஷர் தெரபி, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேரில் சந்திப்பது. ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் 1958-இலேயே, உடம்பைத் தளர்த்தப் பழக்கி, பயத்தைப் படிப்படியாக மனக்கண்ணில் சந்திக்க வைக்கும் முறையைப் புத்தகமாக எழுதிவிட்டார். பிற்பாடு வந்த ஆராய்ச்சிகளில், உடம்பு தளர்கிறதோ இல்லையோ, சந்திப்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது. ஸ்வீடனில் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்பவர் 1989-இல், ஒரே ஒரு பொருளைப் பற்றிய பயத்தை மூன்று மணி நேரத்துக்குள், ஒரே அமர்வில் குறைக்கும் முறையையே வெளியிட்டார். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் கரையில் காடியை நிறுத்திப் பாலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பூஜ்யத்திலிருந்து நூறு வரை பயத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார் சைக்காலஜிஸ்ட், அன்று 70. அப்புறம் பின் சீட்டு, அப்புறம் முன் சீட்டு, அப்புறம் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நானே ஓட்டி, வீட்டுக்காரர் பக்கத்தில். மயங்கிவிடுவேன் என்றதற்கு சைக்காலஜிஸ்ட் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: பயத்தில் இரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வருவதற்கு அது இறங்க வேண்டும். விரல் மரத்தது வேகமாக மூச்சு விட்டதால். ஊசி, இரத்தம் கண்டு பயப்படுகிறவர்கள்தான் உண்மையிலேயே மயங்குவார்கள், அவர்களுக்குத் தசைகளை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் வேறு பயிற்சி இருக்கிறது. அத்தனை வருஷமும் இந்த ஒரு தகவலை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் பாலத்தில் போகும்போது நான் உள்ளுக்குள் இருபதிலிருந்து ஒன்று வரை எண்ணுகிறேன் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன், ஹிப்னோதெரபி தந்த பழக்கம். எண்ணாமல் போனால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை. எண்ணியதால்தான் தப்பித்தேன் என்று மனம் நம்பிக்கொண்டிருந்தால் பயம் எப்போது போகும்? அந்த எண்ணிக்கையை விடத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன், பாலத்தைவிடவும்.

இப்போது வாரம் ஐந்து நாளும் நானே ஓட்டுகிறேன். மழையிலும் ஜேமிலும் நடுப்பாலத்தில் நிற்கும்போது பயம் இன்னும் 30 வரை ஏறுகிறது, ஏறிவிட்டு இறங்குகிறது. பத்து காவானிலிருந்து தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் மட்டும் இன்னும் போகவில்லை. தண்ணீருக்கு மேல் 16.9 கிலோமீட்டர், அதற்கு நேரம் வரட்டும்.

தங்கச்சிக்கு என் பதில்: கட்டாதே. தூக்கம் தந்தது, மனசு லேசானது, அந்த அம்மா நல்லவர் என்றெல்லாம் மேலே நானே எழுதியிருக்கிறேன், எல்லாம் உண்மை. எக்ஸ்போஷரோடு சேர்த்துச் செய்தால் சிலருக்கு உதவலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 990 இல்லை, 90 வெள்ளிக்குக் கொடுத்தாலும் அந்தக் கடற்கரைப் பதிவை இன்னொருத்தர் காதில் போட எனக்கு மனசு வராது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைத் தேடு. 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தில் அந்தத் தொழில் இருக்கிறது. அதே வருஷம் வந்த பாரம்பரிய மருத்துவச் சட்டத்தின் ஏழு துறைகளில் ஹிப்னோதெரபி கிடையாது. யாரிடம் போனாலும் முதல் நாளே, எத்தனையாவது வாரத்தில் என்னை லிஃப்டுக்குள் நிற்க வைப்பீர்கள் என்று கேள். வாரத்தைச் சொன்னால் அங்கேயே உட்கார். ஆழ்மனம் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடு.