ஆசிரியர் சங்க வட்டாரக் கிளை: சந்தாவுக்கு என்ன கிடைக்கும்?

புதிதாகப் பணியேற்கும் இடைநிலை ஆசிரியரிடம் (தொடக்க வகுப்பு ஆசிரியர்) சந்தா ரசீதுப் புத்தகம் முதல் மாதமே வந்துவிடும். மாநிலத் தலைவரின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். சங்கத்தின் வட்டாரச் செயலாளருக்குப் பணிப்பதிவேடு (நியமனம் முதல் ஓய்வு வரை ஆசிரியரின் பணி விவரங்களை எழுதிவைக்கும் புத்தகம்) எவ்வளவு அத்துபடி என்று விசாரியுங்கள். சங்கம் தரும் சேவையில் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

தேர்வுநிலையையே எடுத்துக்கொள்வோம். ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வுநிலை, 20 முடித்தால் சிறப்புநிலை; இரண்டுமே ஊதிய உயர்வு தரும் படிநிலைகள். அதைக் கேட்டு அனுப்பும் கருத்துரு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து திரும்பி வருகிறதென்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று பதிவேட்டில் ஏறியிருக்காது: சான்றிதழ்களின் உண்மைத்தன்மை, பணிவரன்முறை ஆணை (நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை), தகுதிகாண் பருவம் முடித்த ஆணை. தகுதிகாண் பருவத்துக்குத் தொடர்ச்சியான 3 ஆண்டுக்குள் 2 ஆண்டு பணி வேண்டும். இடையில் ஊதியமில்லா விடுப்பு எடுத்தவருக்கு முடிவுத் தேதி தள்ளிப்போகும். அதைக் கணக்கில் எடுக்காமல் அனுப்பும் கோப்பு நிச்சயம் திரும்பும். உண்மைத்தன்மையில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றுகள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், பட்டச் சான்று அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகும். பல்கலைக்கழகப் பதில் மாதக்கணக்கில் இழுக்கும். நல்ல கிளை முதல் ஆண்டிலேயே இதையெல்லாம் அனுப்பவைத்து, ஆண்டுக்கொரு முறை பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வைக்கும். பணப்பலன் தாமதமான பிறகு அலுவலகத்தில் சத்தம் போடும் கிளையைவிட இது எவ்வளவோ மேல்.

தனி ஆசிரியரால் ஆகாத காரியங்களுக்குத்தான் கூட்டமைப்பு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் பெரும்பாலோர் திரும்பப் பணியில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பணியேற்றவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் வந்தார்கள்: அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தம். பழைய ஓய்வூதியத்தை முதன்மைக் கோரிக்கையாக வைத்து ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரி 22 முதல் 30 வரை போராடியது. 1.6.2009 முதல் வந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்றைய ஊதிய விகிதத்தில் அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவருக்கு 8,370 ரூபாய். ஒரே வேலைக்கு இப்படி இரண்டு ஊதியம் என்பது அநீதி. அதைத் தொடர்ந்து பேசிவருவதற்காகவே சங்கங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறை, பிளவுதான். ஒரே வட்டாரத்தில் நாலைந்து சங்கம் இருந்தால் அலுவலரைப் பார்க்க நாலைந்து மனு போகும். எதற்கும் கனம் இருக்காது. தொடக்கக் கல்வித் துறையில் பதவி உயர்வுக்கான பணிமூப்பு வரிசையை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றிய அரசாணை 243 வந்தபோது, தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்கள் டிட்டோஜேக் என்ற கூட்டு நடவடிக்கைக் குழுவாகச் சேர்ந்து நின்றதால்தான் எதிர்ப்பு கோட்டைவரை கேட்டது.

இப்போது அவசரம் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்). உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி, அதில் தேர்ச்சி பெறாமல் பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். அதற்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி பெறாமல் பதவி உயர்வு கிடையாது. சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தத் தீர்ப்பின் மறுசீராய்வுக்கு உங்கள் சங்கம் என்ன செய்கிறது? 50 வயது உறுப்பினருக்குக் கணிதமும் உளவியலும் சொல்லித்தர வார இறுதி வகுப்பு நடத்துகிறதா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருக்கும் கிளை பாதி வேலைதான் செய்கிறது.