குட்டை வாள் வாங்கப் போனால்: பயனெட்டா, ரம்ப வாளா, முட்டைகோஸ் வெட்டியா?

வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலாங்கடை. பழைய பம்பு மோட்டாருக்கும் சைக்கிள் ரிம்முக்கும் நடுவிலிருந்து பாய் ஒரு நீளக் கத்தியை உருவினார். “வெள்ளைக்காரன் வாள் சார். பாருங்க, 1907னு போட்டிருக்கு.”

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அது வாளும் இல்லை, 1907இல் செய்ததும் இல்லை. கைப்பிடிக்கு மேலே குறுக்குக் கட்டையில் ஒரு வளையம். கைப்பிடியின் நுனியில் ஒரு காடி (நீளப் பள்ளம்), பக்கத்தில் அழுத்தினால் உள்ளே போகும் பொத்தான். இவை மூன்றோடு 1907 முத்திரையும் இருந்தால் அது லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் மூக்கில் மாட்டும் பயனெட். 1907 என்பது மாடலின் ஆண்டு. செய்த தேதி அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும்; இதில் 3, 17 என்று இருந்தது, அதாவது 1917 மார்ச். சரி, பாயையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ரைஃபிள் ரெஜிமென்ட்காரர்களே பயனெட்டை ‘வாள்’ என்றுதான் சொல்வார்கள்.

பழைய ஆயுதங்களைப் புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முத்திரையே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். ஆர்.எஃப்.ஐ. என்றிருந்தால் வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. அலகு, அதாவது வெட்டும் தகடு, 17 அங்குலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். குட்டையாக இருக்கிறதே, உடைந்துபோனது என்று கழித்துவிடாதீர்கள். 1913 வரை வந்தவற்றில் குறுக்குக் கட்டை கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அதற்கு மதிப்பு அதிகம். அதனால் பின்னால் ஒட்டவைத்த கொக்கிகளும் உண்டு, வெல்டிங் தடத்தைத் தேடுங்கள்.

ஆனால் என் மனசு கேட்பது பயோனியர்களின் ரம்ப வாளைத்தான். பயோனியர் என்றால் படைக்கு முன்னே போய் மரம் வெட்டிப் பாதை போடுகிறவர்கள். மதராஸ் ராணுவத்தில் 1780லேயே இவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் பயோனியர் வாளின் மாடல் 1856, ராயபுரம் ஸ்டேஷன் திறந்த அதே வருஷம். பித்தளைப் பிடி, குதிரைச் சேணத்தின் கால்வளையம் போல விரல்காப்பு, சுமார் 57 செ.மீ. அலகு. முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அசலில் ரம்பப் பற்கள் இரண்டு வரிசை. ஒரே வரிசையாக அரம் போட்டு ராவியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பயனெட்டைப் போல இது லேசில் கண்ணில் படாது, அதுதான் குறை.

மூன்றாவது, பிரெஞ்சுக்காரர்களின் 1831 மாடல் குட்டை வாள். ரோமானிய வாள் சாயலில், ஏறக்குறைய 49 செ.மீ. அலகு, இரண்டு பக்கமும் கூர், வரிவரியாக வளையம் போட்ட ஒரே வார்ப்புப் பித்தளைப் பிடி. சண்டையைவிடப் புதர் வெட்டவே உதவியதால் சிப்பாய்கள் ‘முட்டைகோஸ் வெட்டி’ என்று கேலி செய்தார்கள். பார்க்க ஜம்மென்று இருக்கும், போலியும் அதே அளவுக்கு உண்டு. நானே ஒன்று வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிடியில் வைத்தேன். பச்சென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை முலாம் பூசிய இரும்பு! இப்போது அந்தக் காந்தம் எப்போதும் சட்டைப் பையில்.

வாங்குமுன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். வாள், பயனெட், 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள கத்தி எல்லாம் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. உங்கள் பகுதியில் லைசென்ஸ் வேண்டுமா என்று போலீஸிடம் கேட்பது நல்லது. நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அப்புறம், உருவிய வாளோடு ஷேர் ஆட்டோவில் ஏறாதீர்கள்.

விலை பேசி முடித்ததும் பாய் உதவிக்கு வந்தார். “உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு ஆக்கித் தரட்டுமா சார்?”

பொடி எழுத்தில் இருந்த அந்த மார்ச் மாதம் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. “வேணாம் பாய், துருவோடயே குடுங்க.”