கோமாளி மீன், அனிமோன், பவளம்: ஒரே தொட்டியில் 6 ஆண்டுகள்

எங்கள் வீட்டுக் கூடத்துத் தொட்டியில் 2019 ஜனவரியில் உப்புநீர் நிரப்பினேன். நீளம் 90 செ.மீ., அகலம் 50, உயரம் 45. கீழே இருக்கும் சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) நீங்கலாக ஏறத்தாழ 200 லிட்டர். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. தொட்டியில் இப்போது ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கோமாளி மீன், பபுள் டிப் அனிமோன் (பூப்போல விரல்களை விரிக்கும் கடல் உயிரி), பதினைந்து பதினாறு பவளத் துண்டுகள். இடையில் வந்து போனவை நிறைய. போனவற்றில் பாதி என் அவசரத்தால் போனவை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஆசைக்குள் வருகிற எல்லோருக்கும் ஒரே படம்தான் மனத்தில் இருக்கும்: ஆடும் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு மீன், சுற்றிலும் வண்ண வண்ணமாய்ப் பவளம். எனக்கும் அதே படம்தான். கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தொட்டிக்குள் கோமாளி மீனுக்கு அனிமோன் தேவையே இல்லை. கடலில் அது இல்லாவிட்டால் பெரிய மீன் விழுங்கிவிடும். கண்ணாடிக்குள் விழுங்க யாரும் இல்லை. பண்ணையில் பிறந்த குஞ்சுகள் அனிமோனைப் பார்க்காமலே வளர்ந்து, முட்டையிட்டு, நல்ல பராமரிப்பு கிடைத்தால் 20 ஆண்டுகூட வாழ்கின்றன. அனிமோன் வேண்டும் என்பது நம் ஆசை. அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் தொட்டியையே அனிமோனை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். பவளம் அது விட்ட இடத்தில்.

நான் தலைகீழாகச் செய்தேன். மார்ச் 2019-இல் மீன் ஜோடி வந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. ஜூன் மாதம், தொட்டிக்கு ஐந்து மாதம்கூட முடியாத நிலையில், ஒரு மேக்னிஃபிகா அனிமோன் வாங்கினேன். ஒசெல்லாரிஸ் இயற்கையில் குடியிருப்பது மேக்னிஃபிகா, ஜைஜான்டியா, மெர்டென்சி என்ற மூன்று வகை அனிமோன்களில். அதைப் படித்துவிட்டு, இயற்கை என்ன கொடுக்கிறதோ அதையே கொடுப்போம் என்று நினைத்தேன். நினைப்பு சரி, தொட்டிதான் பச்சைக் குழந்தை. அம்மோனியா, நைட்ரைட் என்ற நச்சுக் கழிவுகள் பூஜ்யம் காட்டின. ஆனால் உப்பும் ஆல்கலினிட்டியும் (தண்ணீரின் காரத்தன்மை) வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பவளத்தில் சில வகை அதைப் பொறுத்துக்கொள்ளும். அனிமோன் பொறுக்காது, நடந்துவிடும். அதற்கு அடியில் இருப்பது வேர் இல்லை, ஒட்டிக்கொள்ளும் பாதம். பிடிக்காத இடத்திலிருந்து பெயர்ந்து, பிடித்த இடம் தேடிப் போகும்.

மூன்றாம் வாரம் கண்ணாடியில் ஏறியது. ஐந்தாம் வாரம் ஓர் இரவு, அலையெழுப்பும் வேவ்மேக்கருக்குள் மாட்டிக்கொண்டது. காலையில் எழுந்தபோது தொட்டி பால் கலந்ததுபோல் இருந்தது. வீடு முழுக்க அழுகல் நாற்றம். பாதித் தண்ணீரை மாற்றி, நஞ்சை உறிஞ்சும் கார்பன் போட்டு, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓட்டியும் இரண்டு இறாலும் ஒரு கோபி மீனும் போய்விட்டன. கோமாளி ஜோடி பிழைத்தது. செத்த அனிமோன் தன்னோடு தொட்டியையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அதற்குப் பின் எல்லா மோட்டார்களுக்கும் வலை உறை, பஞ்சு உறை மாட்டினேன். அனிமோன் வாங்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலைதான்.

அடுத்த அனிமோனை மார்ச் 2020-இல்தான் வாங்கினேன். தொட்டிக்கு வயது 14 மாதம். இந்த முறை ரோஜா நிறப் பபுள் டிப். ஒரு நண்பர் தொட்டியில் பிளந்து உருவான குட்டி. கடலில் பிடித்ததைவிட இப்படித் தொட்டியிலேயே பிளந்ததை வாங்குவது எவ்வளவோ மேல். விளக்கு வெளிச்சமும் செயற்கை உப்பும் அதற்கு ஏற்கெனவே பழக்கம். கடலிலிருந்தும் ஒரு உயிர் குறையாது. கடையில் வாங்குவதாக இருந்தால் வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதத்தில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் வேண்டாம். உடலுக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகளை இழந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம்.

வாங்கிய அடுத்த மாதமே சிங்கப்பூரில் முடக்கநிலை. வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுக்க தொட்டி கண் எதிரே. இரண்டு நாள் சுற்றிவிட்டு, பாறைப் பிளவு ஒன்றில் பாதத்தை நுழைத்துக்கொண்டு அனிமோன் நின்றுவிட்டது. மிரட்சி வந்தால் பிளவுக்குள் சுருங்கிக்கொள்ளும், வெளிச்சம் வந்தால் விரிந்துகொள்ளும். பபுள் டிப் தேடுவது இதைத்தான்: பாதத்துக்கு இருட்டு, விரல்களுக்கு வெளிச்சம். கடன் வாங்கிய, வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டரில் அந்த இடத்தில் 180 காட்டியது. ஆறு ஆண்டு நெருங்கப்போகிறது, இன்னும் அதே பிளவில்தான் இருக்கிறது.

மீன்கள்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒசெல்லாரிஸுக்கு இயற்கையில் பபுள் டிப்போடு உறவில்லை, தொட்டியில் பழகினால் உண்டு. என் ஜோடி அதற்குள் ஒரு டோட்ஸ்டூல் லெதர் பவளத்தைத் தத்தெடுத்திருந்தது. இரவும் பகலும் அதில் உரசிக் குளித்ததில் அந்தப் பவளம் மாதக்கணக்கில் பாலிப் எனும் பூப்போன்ற சிற்றுடல்களை வெளியே நீட்டவே இல்லை. பவளத்தோடு கோமாளி வளர்ப்பவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாம்மர், டங்கன், கோனியோபோரா என்று சதைப்பற்றான எதன் மேலும் அவை படுத்துக்கொள்ளும். பவளம் பெரிதாக இருந்தால் தாங்கும். ஒற்றைத் தலைத் துண்டாக இருந்தால் உரசியே நலிந்துபோகும்.

ஆகஸ்டில் ஒரு காலை என் மகள் கத்தினாள். "அப்பா, முதலாளியம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க!" முதலாளியம்மா என்பது பெண் மீனுக்கு அவள் வைத்த பெயர். ஆணுக்குக் கணக்குப்பிள்ளை. பொருத்தமான பெயர்கள். இந்த இனத்தில் பெண்தான் பெரியது, அதன் ஆட்சிதான். எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். பெண் இறந்தால் அடுத்த இடத்தில் இருக்கும் ஆண் பெண்ணாக மாறிவிடும். அன்று பெண் முதலில் வாலை மட்டும் அனிமோனில் தொட்டுத் தொட்டு எடுத்தது. பிறகு வயிறு. மாலைக்குள் முழு உடம்பும் உள்ளே. கணக்குப்பிள்ளைக்கு மேலும் ஒன்பது நாள் பிடித்தது.

மீன் குடியேறிய பிறகு அனிமோன் மாறியதைச் சொல்லியே ஆக வேண்டும். விட்டம் 12 செ.மீ. இருந்தது, ஓராண்டில் 25-ஐத் தாண்டியது. மீன் கழிக்கும் அம்மோனியா அனிமோனின் நுண்பாசிகளுக்கு உரம். இரவில் மீன் விரல்களுக்கிடையே புரண்டு புரண்டு படுப்பதால் தண்ணீர் ஓடி ஆக்சிஜன் கிடைக்கிறது. கடலில் அனிமோனைக் கடித்துத் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களை இது விரட்டவும் செய்யும். வாரம் ஒருமுறை சுண்டுவிரல் நகம் அளவு இறால் துண்டை நான் அனிமோனுக்குக் கொடுப்பேன். மற்ற நாளில் முதலாளியம்மாவே உறைந்த மைசிஸ் என்ற சிற்றிறாலைக் கவ்விக்கொண்டு போய் அதில் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிக்காக இந்த ஆறு ஆண்டுச் செலவும் தகும்.

செலவைச் சொல்கிறேன். இங்கே பெரிய செலவு குளிர்ச்சி. ஜன்னல் திறந்த வீட்டில் தண்ணீர் 29, 30 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். நான் வைத்திருப்பது 26. மின்விசிறி வைத்துப் பார்த்தேன். காற்றில் ஈரம் அதிகமானதால் ஒன்றரை டிகிரிக்கு மேல் இறங்கவில்லை, ஆவியாகும் தண்ணீரால் உப்பு ஏறியது. கடைசியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான். சில்லர், விளக்கு, மோட்டார் எல்லாம் சேர்த்து மாதம் 30 முதல் 35 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) மின்கட்டணம் கூடியிருக்கிறது. குழாய்நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருப்பதால், தண்ணீரில் கரைந்தவற்றை நீக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டி கட்டாயம். சனிக்கிழமைதோறும் 20 லிட்டர் தண்ணீர் மாற்றம். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), ஆல்கலினிட்டி 8 முதல் 8.5, கால்சியம் 420, மக்னீசியம் 1300-ஐ ஒட்டி, நைட்ரேட் 5 முதல் 10. எண் எது என்பதைவிட அது அசையாமல் இருப்பதுதான் எனக்குப் பலன் கொடுத்தது. நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கிய மூன்று மாதம் அனிமோனும் பவளமும் சேர்ந்தே வெளிறின.

2022 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தோம். தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் இதே ஆர்வம் உள்ள ஒரு தம்பி. வேளைக்கு ஒரு பொட்டலமாக மீன் உணவை மாத்திரை டப்பாவில் பிரித்து வைத்துவிட்டுப் போயிருந்தேன், மிகையாகப் போட்டுவிடக் கூடாது என்று. ஆறாம் நாள் ஃபோன். "அண்ணே, கண்ணாடியத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. அனிமோன் சுருங்கிப்போச்சு. என்ன பண்ணட்டும்?" சில்லர் நின்றிருந்தது. தண்ணீர் 31.8 டிகிரி. விளக்கை அணைத்து, மூடியைத் திறந்து, விசிறி வைத்து, ஐஸ் உறைந்த போத்தல்களை மூடியபடியே சம்ப்பில் ஒவ்வொன்றாக மிதக்கவிடச் சொன்னேன். ஒரேயடியாகக் குளிர்வித்தால் அதுவே கேடு. அந்தத் தம்பி இரவெல்லாம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து இறக்கினார். அந்தக் கடனை நான் மறக்க முடியாது. இதைவிடச் சின்ன, ஒன்றிரண்டு டிகிரி ஏற்றமே கடலில் பவளங்களை வெளுக்க வைக்கிறது. சிங்கப்பூர்க் கடலிலேயே 1998, 2010, 2016, 2024 என்று அது நடந்திருக்கிறது. அங்கே ஐஸ் போத்தல் போட ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது அனிமோன் இரண்டாகப் பிளந்திருந்தது. அதிர்ச்சியில் பபுள் டிப் அப்படிச் செய்யும். எல்லோரும் வாழ்த்தினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான், ஐந்து வாரம் வரை. பழையது பிளவிலேயே இருந்தது. புதியது இடம் தேடிக் கிளம்பியது. ஒரே இரவில் 30 செ.மீ. நடந்து, நான்கு ஆண்டாக ஒரு தலையிலிருந்து ஏழு தலையாக நான் வளர்த்த ஹாம்மர் பவளத்தின் மேல் படுத்துக்கொண்டது. ஐந்து தலைகள் கரைந்துபோயின. ஹாம்மருக்கும் கொட்டும் செல்கள் உண்டு, பக்கத்துப் பவளத்தை அதுவே எரிக்கும். ஆனால் அனிமோனிடம் நிற்க முடியாது. நகர முடிந்ததற்கும் முடியாததற்கும் நடக்கும் சண்டையில் நகர முடியாததுதான் தோற்கும்.

அதன் பிறகு தொட்டியை மாற்றி அடுக்கினேன். அனிமோன் இருக்கும் பாறையைத் தனித் தீவாக்கி, சுற்றிலும் 15 செ.மீ. வெறும் மணல் விட்டேன். மணலில் நடக்கப் பபுள் டிப்புக்கு விருப்பம் குறைவு. நூறு சதவீதக் காவல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதுவரை தாண்டவில்லை. தீவில் அனிமோனோடு பச்சைக் காளான் பவளம் மட்டும். அடுத்த பாறையில் ஜோவான்தஸ், லெதர். தூரத்து மூலையில், நீரோட்டத்தில் மேல்புறமாக, மான்டிபோராவும் பேர்ட்ஸ்நெஸ்டும். டார்ச், ஹாம்மர் இனி இந்தத் தொட்டியில் இல்லை. டார்ச் எனக்கு மிகப் பிடித்த பவளம், விட மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். லெதர் பவளம் தண்ணீரில் விடும் ரசாயனம் மற்றவற்றை வாட்டாமல் இருக்க மாதம் ஒருமுறை புதுக் கார்பன். ஜோவான்தஸ் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போடவோ வேகவைக்கவோ கூடாது, கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை எழுதியே ஒட்டுங்கள்.

முட்டை 2021 முதல் வருகிறது. அனிமோன் பாதத்துக்கு அருகே பாறையைக் கொத்திச் சுத்தம் செய்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடும். ஆண் விசிறிக் காக்கும். எட்டாம் நாள் இரவு, விளக்கு அணைந்து ஒரு மணி நேரத்தில் பொரியும். அந்த நாட்களில் தொட்டிக்குள் கை விட்டால் பெண் கடிக்கும், நிஜமாகவே வலிக்கும். ரோட்டிஃபர் என்ற நுண் விலங்கை இரையாக வளர்த்துக் குஞ்சுகளை ஆளாக்க மூன்று முறை முயன்றேன். மூன்றாம் முறை நான்கு பிழைத்தன. ஒன்று அந்தத் தம்பியின் வீட்டில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாரேனும் எடுத்து வந்து கொடுத்தால் வாங்காதீர்கள். பவளம் இல்லாமலே பண்ணையில் பிறந்த கோமாளி ஜோடி வைத்து அழகான தொட்டி அமைக்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமே கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியை வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கிறது.

இங்கே சிங்கப்பூரின் தென்தீவு ஒன்றில், நீர் வற்றிய அதிகாலையில், முழங்கால் ஆழத்தில் ஒரு ஜைஜான்டியா விரிந்து கிடப்பதைப் பார்த்தேன். தட்டு அகலம். நடுவில் இரண்டு ஒசெல்லாரிஸ். அதைச் சுற்றி ஒரு முழம் வெறும் மணல், அதற்கு அப்பால்தான் பவளம். என் தொட்டியில் நான் 2023-இல் விட்ட இடைவெளி அங்கே முன்பே இருந்தது.

அடுத்த ஆண்டு வீடு மாறுகிறோம். ஒரே சம்ப்பில் இரண்டு தொட்டி இணைக்கப்போகிறேன். 60 செ.மீ. கனசதுரம் ஒன்று, அதில் ஒரே பாறை, அனிமோன், ஜோடி. மற்றது நீளத் தொட்டி, பவளத்துக்கு. முதல் துண்டு டார்ச்தான்.