அலாரம் செயலிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது அடித்துப்போட்டது போலத் தூங்குபவர் இருந்து, அவருக்காக அலாரம் செயலி தேடிக்கொண்டிருந்தால், அட்டை எண்ணைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் தம்பிக்கு நடந்தது. புகார் இன்னும் முடியாததால் செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை.

தம்பிக்குத் துவாஸில் காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழ வேண்டும். சிங்கப்பூரில் அது நடுராத்திரி மாதிரிதான். 1982 ஜனவரி 1 அன்று நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்ததிலிருந்து, ஆண்டு முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. ஜன்னல் வெளிச்சம் வந்து எழுப்பும் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் அறையில் அலாரம் அடித்தால் பக்கத்து அறையில் அம்மா எழுந்துவிடுவார், அவன் எழமாட்டான். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு படுக்கிற பையன் அவன். இந்தச் செயலிகள் காசு பார்ப்பதும் அந்தப் பயத்தில்தான்.

கணக்குப் போட்டால்தான் அலாரம் நிற்கும், குளியலறையில் இருக்கும் பற்பசையின் பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் நிற்கும் என்று விளம்பரம். யோசனை நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செயலியைத் திறந்ததும் ‘இலவசமாகத் தொடங்கு’ என்று பெரிய பொத்தான். இலவச நாட்கள் முடிந்ததும் ஒரு வருடக் கட்டணம் மொத்தமாகப் பிடிக்கப்படும் என்பது அதற்குக் கீழே வெளிர் சாம்பல் எழுத்தில். திரையை மூடும் பெருக்கல் குறி உடனே வராது, சில விநாடி காத்திருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, மறுநாள் எழ வேண்டுமே என்ற கவலையில் இருப்பவர் எதை அழுத்துவார்? அப்படித் தெரிந்தே செய்த வடிவமைப்பு அது.

முதல் சில நாட்கள் ஒழுங்காக அடித்தது. அப்புறம் ஒரு ராத்திரி அவன் ஆண்ட்ராய்டு போன் தானாகவே அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனது. காலையில் அலாரம் அடிக்கவே இல்லை. நான் எட்டிப்பார்த்து எழுப்பியபோது பஸ் போயிருந்தது. “அக்கா, சத்தியமா அடிக்கல” என்றான். டாக்சிக்குக் காசு, மேற்பார்வையாளரிடம் திட்டு, அந்த மாத வருகைப்படியும் போச்சு.

செயலிக்காரர்களுக்கு எழுதினோம். “இது உங்கள் போனின் பிரச்சினை” என்று பதில் வந்தது, கூடவே ஓர் உதவிப் பக்கம். அந்தப் பக்கத்தின் அடியில், போன் ரீஸ்டார்ட் ஆனால் செயலியை ஒருமுறை திறக்கும்வரை அலாரம் வேலை செய்யாது என்று போட்டிருக்கிறது! விற்கும் பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. ரீஸ்டார்ட் ஆன போனில் பின் எண்ணை அழுத்தும் முன்பே அலாரம் அடிக்க வைக்கும் வசதி, 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-லேயே இருக்கிறது. செயலியை எழுதுபவர்கள் அதைப் பயன்படுத்தினால் போதும். எழுப்புவதற்கென்றே பணம் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் விட்டதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சரி, வேண்டாம் என்று, இலவச நாட்கள் முடியும் முன்பே செயலிக்குள் இருந்த ‘கணக்கை நீக்கு’ பொத்தானை அழுத்தினான். ‘உங்கள் கணக்கு நீக்கப்பட்டது’ என்று வந்தது. செயலியையும் அழித்தான். அப்படியும் எழுபது வெள்ளிக்கு மேல் அட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கு வேறு, சந்தா வேறாம். நீக்கும்போது அந்தத் திரையில் இதைச் சொல்லியிருக்கலாமே.

செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதல், சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் வரும். அங்கே இலவசக் காலம் முடிய ஒரு நாளுக்கு முன்பாவது ரத்து செய்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காதீர்கள். கூகுளிடம் நேரடியாகத் திருப்பிக் கேட்பது 48 மணி நேரத்துக்குள் என்றால் எளிது. அதன் பிறகு பெரும்பாலும் செயலிக்காரரிடமே போகச் சொல்வார்கள். நாங்கள் இப்போது அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஐபோன்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சைலன்ட்டையும் மீறி ஒலிக்கும் முறையான அலாரம் வசதியை ஆப்பிள் மற்றவர்களின் செயலிகளுக்குத் திறந்துவிட்டதே 2025-இல், ஐஓஎஸ் 26-உடன்தான். அதற்கு முந்தைய ஐஓஎஸ் என்றால், செயலியை மேலே தள்ளி மூடினாலே அலாரம் அடிக்காமல் போகலாம். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு அமைப்பு இதே வேலையைச் செய்யும். அலாரம் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுங்கள். எந்தச் செயலி வைத்திருந்தாலும் போனில் கூடவே வரும் கடிகாரத்திலும் ஓர் அலாரம் வையுங்கள்.

தம்பிக்கு இப்போது தேக்காவில் வாங்கிய பேட்டரி மணிக்கடிகாரம், படுக்கையிலிருந்து எட்டாத அலமாரி மேல். போனின் சொந்த அலாரமும் உண்டு. பலதுறை மருந்தகத்துக்கும் போய்வந்தான், ஏனென்றால் போதுமான நேரம் தூங்கியும் எழ முடியாமல், சத்தமாகக் குறட்டையும், பகலில் தூக்கமும் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அதை எந்தக் கணக்குப் புதிரும் சரிசெய்யாது.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். செயலி நிறுவனம் வெளிநாட்டில் இருப்பதால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும். பணம் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படிக் கணக்கை நீக்கிய பிறகு பணம் போயிருந்தால், ‘நீக்கப்பட்டது’ என்ற திரையையும் வங்கிக் கணக்கில் பணம் பிடித்த தேதியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் முதலில் கேட்டது அந்த இரண்டைத்தான்.