மைக்ரோபயாலஜிக்கு எந்தப் புத்தகம்: அனந்தநாராயணனா, சாஸ்திரியா?

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் கால் வைத்ததுமே ஹாஸ்டலில், நோய்க்கிருமிகளைப் பற்றிய மைக்ரோபயாலஜி பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்ற விவாதம் கிளம்பிவிடும். இரண்டையும் வைத்துப் படித்துப் பரீட்சை எழுதி முடித்தவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாஸ்திரி கட்சி. அதற்காக அனந்தநாராயணனை விற்றுவிடவும் இல்லை.

விலை, கனம், படங்களின் தரம் இதிலெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நடையில்தான் வித்தியாசம். அனந்தநாராயணனும் ஜெயராம் பணிக்கரும் எழுதிய புத்தகம் 1978இல் வந்தது. வாத்தியார் நிதானமாகப் பாடம் நடத்துவதுபோலப் பத்தி பத்தியாகப் போகும். அபூர்பா சாஸ்திரியும் சந்தியா பட்டும் எழுதியது 2016இல் வந்தது. பாயிண்ட், டேபிள், ஃப்ளோசார்ட் என்று ஓடும். சாஸ்திரி, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவர்.

என்னைச் சாஸ்திரி பக்கம் தள்ளியது நடை இல்லை, பாடங்களின் வரிசை. 2019இல் சேர்ந்தவர்களிலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஸ்டெபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று கிருமி கிருமியாகப் படித்தார்கள். இப்போது ரத்தம், குடல், நுரையீரல், மூளை என்று உறுப்பு மண்டல வாரியாகப் படிக்கிறோம். கேள்வியும் அப்படித்தான் வருகிறது. 'பத்து நாளாகக் காய்ச்சல், தலைவலி, மண்ணீரல் வீக்கம். நோய் எது? எப்படி உறுதிசெய்வீர்கள்?'

கிருமி வாரியான புத்தகத்தில் இதற்கு விடை தேட வேண்டுமானால், டைபாய்டு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தானே அதை உண்டாக்கும் கிருமியான சால்மொனெல்லா பக்கத்தைத் திறக்க முடியும்? சாஸ்திரியின் மூன்றாம் பதிப்பில் டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ், லெப்டோஸ்பைரோசிஸ், மலேரியா எல்லாம் ஒரே பிரிவுக்குள் வருகின்றன. நம் ஊரில் காய்ச்சலோடு வருகிறவரைப் பார்த்ததும் டாக்டர் மனதில் ஓடுவதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கப் படிக்கும்போதே பழகிவிடுகிறது.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் தோல் பகுதியில் இருக்கிறது. அதே கிருமிதான் இதய வால்வையும் பிடிக்கிறது, உணவையும் நஞ்சாக்குகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஸ்டெப்பைப் பற்றிச் சொல்லுப்பா" என்று பொதுவாகக் கேட்டால், மூன்று இடங்களில் படித்ததை மனதில் ஒட்டவைத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது அனந்தநாராயணன். 'ஏன்' என்ற கேள்விக்கும் அதுதான். டைபாய்டில் முதல் வாரம் பிளட் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது), இரண்டாம் வாரம் விடால் (ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட்) என்று எவரும் மனப்பாடம் செய்துவிடலாம். கிளாட் கல்ச்சர், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து கிருமியை வளர்ப்பது, எதற்கு? சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், பாக்டீரியாவைக் கொல்லும் சமாச்சாரங்கள் இருக்கின்றன. சீரத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, உறைந்த ரத்தத்தை ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற நொதி போட்டுக் கரைத்து வளர்த்தால் கிருமி கிடைக்கும் வாய்ப்பு கூடும். பிரித்த சீரமும் வீணாகாது, விடால் டெஸ்டுக்கு ஆகும். இதை அந்த நடையில் ஒருமுறை படித்தால் மறக்காது.

சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். சாஸ்திரியின் முதல் பதிப்பே கிருமி வாரியாகத்தான் இருந்தது. பெயரை நம்பி அதை வாங்கினால் நான் மேலே சொன்ன லாபம் எதுவும் கிடைக்காது. அனந்தநாராயணன் விஷயத்தில் பழைய பதிப்பு பரவாயில்லை, காரணம் தேடித்தானே திறக்கப் போகிறோம். மருந்து அளவு, தடுப்பூசி அட்டவணை மட்டும் அதில் பார்க்க வேண்டாம்.

ஸ்கெச்சி வீடியோவைப் பற்றியும் கேட்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்து மருத்துவ மாணவர்கள் 2013இல் தொடங்கியது. கிருமியின் குணங்களை ஒரு படத்துக்குள் ஒளித்து வைத்துக் கதை சொல்வார்கள். நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்கத் தேர்வைக் குறிவைத்தது. பல்கலைக்கழகப் பேப்பரில் பக்கம் பக்கமாக ஆய்வக நோயறிதல் எழுத அது போதாது. நான் பார்த்தது பாக்டீரியா வீடியோக்கள் சிலதான், வைரஸ் பகுதியைப் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.ஜி. (மேற்படிப்பு) நுழைவுத் தேர்வுக்குச் சாஸ்திரியின் டேபிள்களே போதும் என்கிறார்கள் சீனியர்கள். நான் இன்னும் எழுதவில்லை.